நானூற்றுப் பன்னிரண்டு பக்கமும் ஒரு தீவும்

இந்த வருஷம் சகலையின் புத்தகத்தைக் காது கொடுத்துக் கேட்பதில்லை என்று நெவில் டிசம்பர் இருபதாம் தேதியே சபதம் எடுத்துவிட்டார். சபதம் எடுத்த இடம், தோட்டத்துக் கொட்டகை. சாட்சி, புல் வெட்டும் இயந்திரம். வீட்டுக்குள் சபதம் எடுக்கும் வழக்கம் கல்யாணமான மறுமாதமே அவருக்கு விட்டுப்போயிருந்தது.

சகலை என்றால் கிளைவ். நெவிலின் மனைவி மொரீனுடைய அக்கா பெரிலைக் கட்டியவர். தங்கமான மனிதர், அதில் சந்தேகமே இல்லை. முப்பத்தெட்டு வருஷம் சாக்கடைக் குழாய் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் ரோஜா வளர்ப்பார்கள், பூனை வளர்ப்பார்கள். கிளைவ் ஒரு புத்தகத்தை வளர்த்தார். அதன் பெயர் ‘பூமிக்கடியில் என் வாழ்க்கை’.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பெரில் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. முதல் நாள் மிஞ்சிய வான்கோழி, அதன் மேல் சூடான குழம்பு, பிறகு கணப்பு, பிறகு சோபா. கண் சொக்கும் அந்த நல்ல நேரம் பார்த்து கிளைவ் தொண்டையைக் கனைப்பார். முதல் வருஷம் முன்னுரை. அடுத்த வருஷம் மூன்று அத்தியாயம். போன வருஷம் ஏழு அத்தியாயம், குழாய் வரைபடங்களோடு. ரோட்டில் பனி உறைந்துவிடும் என்று சொல்லித்தான் நெவில் ஒவ்வொரு தடவையும் தப்பித்தார். சும்மா தப்பிக்கவில்லை. வாசலில் நின்று சகலையின் கையைப் பிடித்துக்கொண்டு, “என்ன பண்றது கிளைவ், நேரந்தான் இல்லை. இல்லேன்னா மொத்தத்தையும் ஒரே மூச்சில கேட்டுருப்பேன்” என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டு வந்தார்.

இங்கிலாந்தில் இதற்கு மரியாதை என்று பேர். சொல்கிறவரும் நம்ப மாட்டார், கேட்கிறவரும் நம்ப மாட்டார். கிளைவ் நம்பினார்.

சபதத்துக்குக் காரணம், அன்று காலை மொரீன் கொண்டுவந்த சேதி.

“பெரில் போன் பண்ணினா. கிளைவ் புஸ்தகத்தை முடிச்சிட்டாராம்.”

“அட கடவுளே.”

“என்னது?”

“சந்தோஷத்துல சொன்னேன்.”

“நானூத்திப் பன்னெண்டு பக்கமாம். இந்தத் தடவை முழுசாப் படிச்சுக் காட்டாம உங்களை விடறதா இல்லையாம்.”

“என்னை மட்டுமா?”

“நான்தான் அடுப்படியில பாத்திரம் தேய்ப்பேனே. பெரிலும் தேய்ப்பா. போன வருஷம் ஒரே தட்டை நாலு தடவை தேய்ச்சோம்.”

நெவிலுக்கு வருஷத்தில் மொத்தமாக ஓய்வென்று கிடைப்பதே அந்த ஒரு மதியம்தான். அதைச் சாக்கடைக்குப் பறிகொடுப்பதா? கொட்டகையில் உட்கார்ந்து யோசித்தார். காய்ச்சல் என்று படுக்கலாம். ஆனால் மொரீன் கையில் தெர்மாமீட்டர் இருக்கிறது. கார் கெட்டுவிட்டது எனலாம். பெரிலே வந்து அள்ளிக்கொண்டு போவாள். தானே நினைத்தாலும் போய்ச் சேர முடியாதபடி ஒரு தடை வேண்டும். யார் மேலும் பழி வராத தடை. அப்போதுதான் அவருக்குக் கடல் ஞாபகம் வந்தது.

அவர்கள் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிஷம் போனால் ஹாலர் தீவு. கரைக்கும் தீவுக்கும் நடுவே ஒரு தரைப்பாலம். கடல் இறங்கினால் அது ரோடு. கடல் ஏறினால் அந்த ரோடு ஐந்தரை மணி நேரம் தண்ணீருக்கடியில். தீவில் ஒரு தேவாலயம், ஒரு பப், நிறையக் கடல்நாய்கள். நெவில் வீட்டுக்குள் போய், சமையலறை ஆணியில் தொங்கிய கடல் நேரப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பாலம் மூடுவது பதினொன்று முப்பத்தைந்து. திறப்பது மாலை ஐந்து. அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. புத்தகத்தை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். மொரீன் கண்ணில் அது படக் கூடாதல்லவா.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். நெவில் பிறந்து வளர்ந்தது லெஸ்டரில், சுற்றிலும் எங்கே பார்த்தாலும் கடலே இல்லாத ஊரில். மொரீன் அந்தக் கரையிலேயே நண்டுக்கூடை போட்டுப் பிழைத்தவரின் மகள். இது நெவிலுக்குத் தெரியாத விஷயமில்லை. முப்பத்து நாலு வருஷமாகத் தெரிந்த விஷயம் என்பதால் மறந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் மெதுவாக ஆரம்பித்தார்.

“மொரீன், நாளைக்குக் காலையில ஒரு நடை போயிட்டு வரலாமா?”

“யாரு?”

“நாமதான்.”

“தெருமுனைத் தபால் பெட்டிக்கே கார் எடுக்கற ஆளு நீங்க.”

“குளிர்காலத்துல கடற்கரை என்ன அழகா இருக்கும் தெரியுமா? ஊரே நடக்குது. ஹாலர் தீவுக்குப் போவோம். கடல்நாய் பாப்போம். ஒரு மணிக்கு டாண்ணு பெரில் வீட்டுல இருப்போம்.”

மொரீன் பின்னிக்கொண்டிருந்த கம்பளியிலிருந்து தலையைத் தூக்கி, கணவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, “போகலாமே” என்றாள்.

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அங்கேயே நெவில் சுதாரித்திருக்க வேண்டும். தன் பேச்சுத் திறமை என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை முதுகுப்பை தயாராக இருந்தது. தூக்கிப் பார்த்தால் கனத்தது.

“என்ன இவ்வளவு கனம்? ஒரு மணிக்குச் சாப்பிடத்தான் போறோமே.”

“குளிர்ல நடந்தா பசிக்கும். மேலாக சீஸ் சாண்ட்விச் இருக்கு, பிளாஸ்க்ல டீ இருக்கு. அடியில கையை விடாதீங்க, கேக் நசுங்கிடும்.”

கரையில் காரை நிறுத்திவிட்டு நடந்தார்கள். நல்ல குளிர். பாலத்தின் இருபுறமும் ஈர மணல் வெள்ளித் தட்டு போலக் கிடந்தது. புல்லெல்லாம் உறைபனி. தலைக்கு மேலே காட்டு வாத்துக்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போயின. சூரியன் எழுந்திருக்க மனமில்லாமல் வானத்தின் ஓரத்திலேயே படுத்திருந்தது. நாய்களோடு எதிரே வந்தவர்களெல்லாம் “அருமையான காலை” என்றார்கள். நெவிலும் “அருமையான காலை” என்றார். பொய் சொல்லத் துணைக்கு இழுத்துக்கொண்டு வந்த நடை, நிஜமாகவே நன்றாக இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

தீவின் மறுகோடியில், குன்றுக்கு அந்தப்புறம், பாறை மேல் கடல்நாய்கள் விருந்து முடித்த உறவினர்கள் மாதிரி சாய்ந்து கிடந்தன. அங்கிருந்து பாலம் தெரியாது. மணி பத்தே முக்கால்.

“எனக்குக் காலெல்லாம் விறைச்சுப்போச்சு,” என்றாள் மொரீன். “நான் பப்புல போய் கணப்புகிட்ட உக்காந்துருக்கேன். நீங்க நிதானமாப் பாத்துட்டு வாங்க.”

“எவ்வளவு நேரம் வேணாலும் இருக்கட்டுமா?”

“அவசரமே இல்லை. நல்லா எண்ணிப் பாருங்க. போன வருஷம் நாப்பத்தேழு இருந்துச்சாம்.”

நெவில் எண்ணினார். ஐம்பத்து மூன்று. சரியாக வரவில்லையோ என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டு மறுபடி எண்ணினார். பதினொன்றே முக்காலுக்குக் குன்றின் மேல் ஏறிப் பார்த்தார். பாலம் இல்லை. அது இருந்த இடத்தில் கடல், சாம்பல் நிறத்தில் பளபளவென்று கிடந்தது. அறுபத்து மூன்று வயது மனிதர், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ஆட்டுக்குட்டி மாதிரி இரண்டு குதி குதித்தார். அப்புறம் முகத்தில் கவலையை வரவழைத்துக்கொண்டு பப்புக்கு நடந்தார். சொல்ல வேண்டிய வசனத்தை வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். ‘மொரீன், பெரிய தப்பு நடந்துபோச்சு. கடல் ஏறிடுச்சு. பாவம் கிளைவ், எவ்வளவு ஆசையாக் காத்திருப்பார்.’

பப்பின் கதவைத் திறந்தார். கணப்பு எரிந்தது. மொரீன் இல்லை. கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கிளைவ் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல், நாடா கட்டி, செங்கல் கனத்துக்கு ஒரு காகிதக் கட்டு.

“வா சகலை, வா,” என்றார் கிளைவ். எழுந்து வந்து நெவிலின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “எனக்குப் பேச்சே வரலை. என்னைக் கார்ல கொண்டாந்து விட வந்த பெரில்கிட்டயும் சொன்னேன், இப்படி ஒரு சகலை யாருக்குக் கிடைப்பான்னு.”

“நான் என்ன பண்ணினேன்?”

“மறைக்காதே. மொரீன் எல்லாத்தையும் சொல்லிட்டா. நேரம் இல்லை, நேரம் இல்லைன்னு வருஷா வருஷம் வருத்தப்பட்டியே. அதுக்காகக் கடல் நேரப் புஸ்தகத்தை மனப்பாடம் பண்ணி, யாரும் தொந்தரவு பண்ணாத இடமாப் பாத்து, அஞ்சரை மணி நேரம் ஒதுக்கியிருக்கே.”

நெவிலின் கை கோட்டுப் பையிலிருந்த கடல் நேரப் புத்தகத்தை இன்னும் உள்ளே தள்ளியது.

“முதல் பக்கத்தை மட்டும் நீ படி,” என்று கிளைவ் நாடாவை அவிழ்த்துக் காட்டினார். அதில் ஒரே வரி. ‘இன்னும் கேட்க வேண்டும் என்று சொன்ன ஒரே மனிதன், என் சகலை நெவிலுக்கு.’

பொய் சொன்ன ஒவ்வொரு வாசல்படியும் நெவிலுக்கு நினைவுக்கு வந்தது. இவரிடமிருந்தா ஓடிவந்தோம் என்று இருந்தது. அதற்குள் கிளைவ் பக்கத்தைத் திருப்பி, தொண்டையைக் கனைத்தார்.

“ஒரு நிமிஷம், மொரீனுக்கு ஒரு போன்” என்று நெவில் கதவோரம் ஒதுங்கினார். மூன்றாவது தடவை மணி அடித்ததும் அவள் எடுத்தாள். பின்னால் பெரிலின் சிரிப்பும் தட்டுகளின் சத்தமும் கேட்டன.

“மொரீன், நீ எங்கே இருக்கே?”

“பெரில் வீட்டுலதான். அவ கிளைவை இறக்கி விட்டுட்டு என்னை ஏத்திக்கிட்டு வந்துட்டா. இந்த வருஷந்தாங்க உக்காந்து சாப்பிடறோம்.”

“பாலம் மூடறது உனக்கு எப்படித் தெரியும்? புஸ்தகம் என் பையில இருக்கு.”

“நேத்துப் பௌர்ணமிங்க. பௌர்ணமின்னா மத்தியானம் கடல் ஏறும்னு அஞ்சு வயசுலயே தெரியும் எனக்கு. நடக்கவே நடக்காத மனுஷன் நடக்கக் கூப்பிடறார், ஆணியில புஸ்தகத்தைக் காணோம். வேற என்ன வேணும்?”

“சரி, தப்புத்தான். அந்த மனுஷனுக்காக நான் கேக்கவும் வேண்டியதுதான். அஞ்சு மணி வரைக்கும் கேக்கறேன்.” நெவில் மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தார். பக்கத்துக்கு மூன்று நிமிஷம். ஐந்து மணிக்குள் நூறு பக்கம் தாண்டாது. மிச்சத்துக்கு, நேரமில்லை என்ற பழைய வசனம் இருக்கவே இருக்கிறது. “பாலம் திறந்ததும் வந்து கூட்டிட்டுப் போயிடு.”

“அஞ்சு மணிக்கு நூறு பக்கந்தானே ஆயிருக்கும்?” என்றாள் மொரீன். “அந்தப் பப்பு மாடியில ரெண்டு கட்டில் போட்ட ரூம் நேத்தே சொல்லியாச்சு. முதுகுப்பைக்கு அடியில இப்பக் கையை விட்டுப் பாருங்க, உங்க பைஜாமா இருக்கு.”