ரீடிங் சார் வளர்த்த நாய்

திண்டுக்கல்லில் ரீடிங் சாரை அறியாத நாய் கிடையாது. அறிந்த நாய்களில் பாதி அவரைக் கடித்தும் பார்த்திருக்கின்றன. முப்பத்து மூன்று வருஷம் வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டரில் ரீடிங் எடுத்த மனிதர். சொந்தப் பெயர் பென்ஷன் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது. பேச்சுவாக்கில் நாய் என்ற சொல் வந்துவிட்டால் போதும், வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு விரல் வைத்துக் காட்ட ஆரம்பித்துவிடுவார்.

“இது நாகல்நகர். இது பேகம்பூர். இந்தா, இந்தப் பெரிய தழும்பு மேட்டுப்பட்டி. டீச்சர் வீட்டு நாயி. படிச்ச நாயி தம்பி, எலும்பு வரைக்கும் போய்ப் பாத்துருச்சு.”

ஓய்வு பெற்ற மறு வருஷம் அவர் மனைவி இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. நான் அடுத்த வீடு. மிக்ஸி ஓடும் சத்தம், சாயங்கால ஜெபம், அதற்குப் பின் தவறாமல் வரும் சண்டை என்று இருந்த வீட்டில் ஒரே நாளில் எல்லாம் அடங்கிப்போனது. எனக்கே ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்குத் தெருவுக்கே கறிச்சோறு போடுவதாகச் சொல்லி, அய்யலூர் சந்தைக்கு ஆடு வாங்கப் போனார். துணிப்பையோடு திரும்பி வந்தார். பைக்குள்ளிருந்து ஒரு நாய்க்குட்டி எட்டிப் பார்த்தது.

“சார், ஆடு எங்க?”

“ஆட்டுக்காரன் ஒருத்தன் இத வச்சுக்கிட்டு நின்னான். வேணுமான்னான். வாங்கிட்டேன். ரெண்டையும் ஒரே பஸ்ல எப்படிக் கொண்டாறது?”

“உங்களுக்குத்தான் நாயின்னாலே ஆகாதே சார்!”

“ஆகாதுதான். அதுக்காக? வீட்டுல இன்னொரு மூச்சுச் சத்தம் கேக்க வேணாமா?”

நினைவு நாளன்று எங்களுக்குச் சாம்பார் சாதம்தான்.

குட்டிக்கு யூனிட் என்று பெயர் வைத்தார். முதல் மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு திரிந்தார். உள்ளங்கையில் அடங்குகிற குட்டிக்குப் பால் கிண்ணத்தை ஒட்டடைக் கம்பால் தள்ளிவிடுவார். நான்காம் நாள் அது அந்த பூட்ஸ் மேலேயே ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டது. ஜன்னல் வழியாக எனக்குக் குரல் வந்தது. “தம்பி, செத்த உள்ள வந்து அடுப்ப அணைச்சுட்டுப் போப்பா. நான் இப்ப நகரக்கூடாது.” போனேன். பருப்பு தீய்ந்து புகைந்துகொண்டிருந்தது. மனிதர் ஒரு மணி நேரமாக அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு வந்தது வினை. யூனிட் ஒரு நாள் பால்காரரைப் பார்த்துக் குரைத்தது. சார் முகம் வெளிறிப்போனது. அன்றே பரணிலிருந்து பழைய காக்கிப் பையை இறக்கினார். பையை மாட்டிக்கொண்டு வெளியே போவார், கேட்டைத் தட்டி, “கரண்டு ஆபீஸ்!” என்று கத்திக்கொண்டு உள்ளே வருவார். குட்டி குரைத்தால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். குரைக்காவிட்டால் ஒரு பொறை ரொட்டி. ஒரு நாளைக்கு இருபது தடவை இந்தக் கூத்து நடக்கும். அவர் குரல் குட்டிக்குப் பழகிவிட்டதும், பையை எங்கள் ஒவ்வொருவர் தோளிலும் மாட்டிவிட்டார். பால்காரர் போனார், கேஸ்காரர் போனார், நானும் போனேன். வேண்டாம் என்றால் விடுவாரா?

“சார், நாயின்னா கொஞ்சமாச்சும் குரைக்கணும் சார்.”

“குரைச்சு என்னத்தக் கிழிக்கப் போகுது? முப்பத்து மூணு வருசம் ஒவ்வொரு கேட்டு முன்னாடியும் உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னவன் நான். இந்த வீட்டுக்கு வர்ற பிள்ளை அப்படி நிக்கக்கூடாது. அம்புட்டுத்தான்.”

நாலே மாசத்தில் யூனிட் தேறிவிட்டது. யார் வந்தாலும் வாலை ஆட்டிக்கொண்டே மீட்டர் பெட்டி வரை கூட்டிப்போய்விட்டு, பொறைக்காக உட்காரும். புதிதாக ரீடிங் எடுக்க வந்த பெண் சிரித்துக்கொண்டே அதன் தலையைத் தடவியபோது, சார் மூக்கைச் சிந்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். மகன் பட்டம் வாங்கியிருந்தால்கூட இவ்வளவு பூரித்திருக்கமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் கேட் திறந்து கிடந்தது. யூனிட்டைக் காணோம்.

எதிர்வீட்டுப் பூக்கார அக்கா கையைப் பிசைந்துகொண்டு வந்தார். “பையோட ஒருத்தன் வந்தான் சார். ரொட்டி போட்டான். நாயி ஒரு சத்தம் போடல, அவன் பின்னாலேயே வாலாட்டிக்கிட்டுப் போச்சு. தெரிஞ்சவுகதான் போலன்னு இருந்துட்டேனே, பாவி!”

சார் யாரையும் திட்டவில்லை. “நான் சொல்லிக் குடுத்தபடிதான் போயிருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தார். பையை மாட்டிக்கொண்டு ரொட்டி போட்டவர்களில் நானும் ஒருவன். அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாளிலிருந்து தேடக் கிளம்பிவிட்டார். அதே தெருக்கள், அதே கேட்டுகள். நானும் லீவு போட்டுக் கூடவே நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் நாய்கள் எங்களைக் கிழித்துவிடுவதுபோலக் குரைத்தன. முன்பெல்லாம் கேட்டுக்கு நாலு அடி தள்ளி நிற்பவர், இப்போது நேராகப் போய்க் கம்பிக்குள் தலையை நீட்டி, “செவலை நிறம், காதுல வெள்ளை, பாத்தீகளா?” என்று கேட்டார். ஒருவரும் பார்த்திருக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் பாரதிபுரத்தில் ஒரு கருப்பு நாய் கேட் சந்து வழியாகப் பாய்ந்து வந்து அவர் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. வீட்டுக்கார அம்மா அலறிக்கொண்டு விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ரத்தம் செருப்பில் வழிய, சார் அந்த அம்மாவுக்கும் நாய்க்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.

“அடிக்காதம்மா! அத அடிக்காத. நல்லா வளத்துருக்க. நல்லா வளத்துருக்கம்மா நீ.”

சொல்லிவிட்டு அந்தத் தெருவிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். மனைவி சாவுக்குக்கூட அழாத மனிதர்.

நாலு ஊசி. நாலுக்கும் என் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஊசியெல்லாம் முடிந்து மாசக்கணக்காகிவிட்டது. சாயங்காலமானால் இன்றும் கிளம்பி வந்து பின்சீட்டில் உட்கார்ந்துவிடுகிறார். எங்காவது ஒரு நாய் குரைத்தால் போதும், என் தோளைத் தட்டுவார். “செத்த நிறுத்து தம்பி. அது இந்நேரம் குரைக்கக் கத்துருக்கும்ல?”

“கத்துருக்கும் சார்” என்று சொல்லி வண்டியை ஓரம்கட்டுகிறேன்.