மூத்த வியாதி எது?

ஒப்பீட்டு நோயாளி என்றொரு இனம் உண்டு. சந்தையில் கத்தரிக்காயைப் புரட்டுவதுபோல் உங்கள் வியாதியைப் புரட்டிப் பார்த்து, சொத்தை கண்டுபிடித்து, "இதெல்லாம் ஒரு வியாதியா?" என்று திருப்பி வைத்துவிட்டுத் தன் வியாதியை விரிப்பார். பார்த்ததில்லையா? தில்லைநகரில் நரம்பு டாக்டர் யாரிடமாவது போய் உட்காருங்கள்.

ஸ்ரீரங்கம் வேணுகோபால் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். சித்திரையிலிருந்து வலக்கை நடுங்குகிறது. எடுத்த ஸ்கேனிலெல்லாம் 'நார்மல்'. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மகன் ஸ்ரீநிவாஸ், "அப்பா ஆக்டிங்" என்று உறவெல்லாம் பரப்பிவிட்டான். இன்று டாக்டர் வாயிலிருந்து ஒரு வியாதிப் பெயர் வந்தாக வேண்டும். மானப் பிரச்சினை! கேட்பதற்கு மகனையே கூட்டிவந்திருந்தார்.

"உங்களுக்கு என்ன?" என்றார் பக்கத்திலிருந்த இளவரசனிடம்.

"கால் சார். பொன்மலை ஒர்க்‌ஷாப்ல வேலை. திடீர்னு தூக்க வராது. ஸ்கேன்ல ஒண்ணுமில்லங்கறாங்க."

"ஒரு ஸ்கேன்தானே? நேக்கு மூணுலயும் ஒண்ணுமில்லை!"

எதிரே மணப்பாறை பானுமதி விடவில்லை. "எனக்கு வலிப்பு மாதிரி வந்து விழுந்துருவேங்க. தலையில ஒயரா மாட்டிப் பாத்தாங்க. அதுலயும் ஒண்ணுமில்ல."

வேணுகோபால் வாடிவிட்டார். அவருக்கு யாரும் ஒயர் மாட்டவில்லையே!

"விழுந்தா எழுந்துடறேளோல்லியோ? அவர் காலும் உட்கார்ந்துட்டா வெளியில தெரியாது. நம்ம கை அப்படியா? லீவே கிடையாது!"

"அப்ப ஐயாவுக்கே முதல் பரிசுக் கப்பைக் குடுத்துருவோம்," என்றார் பானுமதி.

இரு கைகளையும் வீசி, நடுக்கத்தின் அருமை பெருமைகளை வேணுகோபால் அடுக்கிக்கொண்டே போக, இளவரசன் மெல்லச் சொன்னார்:

"சார், கை நின்னுடுச்சு."

பார்த்தார். கல்லாக நின்றது. பார்த்த மாத்திரத்தில் மறுபடி நடுங்கியது. என்ன பயன்? மகனும் பார்த்துவிட்டானே!

உள்ளே போனதும் அவன் முந்திக்கொண்டான். "டாக்டர், பேச்சு சுவாரசியத்துல கை நின்னுடுத்து!"

டாக்டர் அனுபமாவுக்கு ஒரே சந்தோஷம். "அதுதாங்க இந்த நோய்க்கு அடையாளமே! கவனம் வேற பக்கம் போனா நிக்கும், கையையே கவனிச்சா நடுங்கும். நடிப்பு இல்லீங்க. நரம்பு நல்லாத்தான் இருக்கு, மூளை அதை ஓட்டுறதுல கோளாறு. செயல்பாட்டு நரம்புக் கோளாறுன்னு பேரு. பயிற்சியில சரி பண்ணலாம். கால் வராமப் போறது, வலிப்பு மாதிரி வர்றது, எல்லாமே இதே குடும்பம்தான்."

பெயர் கிடைத்துவிட்டது, மானமும் தப்பியது. எழுந்து போக வேண்டியதுதானே? வேணுகோபால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரே குடும்பமா? அப்போ இதுல மூத்தது எது டாக்டர்?"

சிரிக்காதீர்கள். 'இதென்ன பிரமாதம், எனக்கு வந்ததைக் கேட்டால்...' என்று உங்கள் நாக்கு நுனியில் ஒன்று துடிக்கிறதே, அது கவனம் திரும்பினால் நிற்கிற வகை இல்லை.