தொகோரோவின் முந்நூறாவது தியாகம்

தியாகத்தை எண்ணி, வரிசைப்படுத்தி, ஆண்டு மலரில் அச்சிட்டு வைத்திருக்கும் ஒரே நாகரிகம் பேஸ்பால்தான். மற்ற நாகரிகங்கள் தியாகிகளுக்குச் சிலை வைப்பதோடு நின்றுவிட்டன. எத்தனை முறை தியாகம் செய்தார் என்று கேட்டால் விழிக்கும். நிஷிதோரி நாரைகள் அணியிடம் கேட்டுப் பாருங்கள். "தொகோரோ எய்சுகே, இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது" என்று கண்மூடித் திறப்பதற்குள் பதில் வரும்.

தியாக அடி எளிய காரியம். மட்டையை வீசக் கூடாது. குறுக்கே பிடித்து, வருகிற பந்து காலடியில் செத்து விழும்படி செய்ய வேண்டும். எதிரணி அதைப் பொறுக்கி முதல் தளத்துக்கு எறிவதற்குள் நீங்கள் ஓடிச் சேர மாட்டீர்கள், அவுட். ஆனால் அந்தச் சந்தடியில் ஏற்கெனவே தளத்தில் நின்றிருந்த உங்கள் அணிக்காரர் அடுத்த தளத்துக்குப் போய்விடுவார். ஒருவர் அவுட், ஒருவர் முன்னேற்றம். அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பதினெட்டு வயதில் பள்ளி அணியிலிருந்து வந்தபோது தொகோரோ தியாகி அல்லர், வெறும் திறமைசாலி. வேலிக்கு அப்பால் அடிப்பவர் என்று பெயர். தங்கத் திரைக்கு முன்னால் ஒப்பந்தத்தில் முத்திரை வைத்து, அணியின் சொந்தக்காரர்களான நிஷிதோரி நிறுவனத்தின், மீனை அரைத்து அவித்த மீன்கட்டியைப் புகைப்படக்காரர்கள் போதும் என்கிற வரை மென்றார். பிறகு அவர் மட்டை வீசிய வேகத்தில் காற்றுக்கு நல்ல அடி விழுந்தது. பந்துக்கு விழவில்லை. இரண்டாம் அணிக்கு அனுப்பினார்கள். நான்கு வருடம் அங்கே கிடந்தார்.

அவரைக் கண்டெடுத்தவர் மேலாளர் இவாதாதே.

"டேய், அவுட் ஆகிட்டு வரும்போது உன் மூஞ்சியில ஒரு வருத்தமே இல்லையேடா."

"பழகிடுச்சுங்க ஐயா."

"இது எல்லாருக்கும் வராது. இதை வீணாக்கக் கூடாது."

அன்றிலிருந்து தொகோரோ முதல் அணியில். கூட்டம் அவர் பெயரைச் சொல்லி எழுந்து நின்றது, அவர் அவுட் ஆகிற போதெல்லாம். மீன்கட்டி ஆலையில் அவர் படம் போட்ட சுவரொட்டி ஒட்டினார்கள்: "தொகோரோவைப் போல் இருப்போம்." அதை விடுமுறை விண்ணப்பப் பெட்டிக்கு நேர் மேலே ஒட்டியது தற்செயல்தான். அந்த ஆண்டு விண்ணப்பங்கள் பாதியாகக் குறைந்தன. அதுவும் தற்செயல்.

பிறகு அறிவியல் வந்தது. அறிவியலின் பெயர் உஷிகோமே. இருபத்தேழு வயது, புள்ளிவிவரப் பிரிவின் தலைவர். பந்தைத் தொட்டதில்லை என்பதால் பந்தைப் பற்றி அவருக்கு எந்தப் பாரபட்சமும் இல்லை. ஒரு வரைபடத்தோடு உடைமாற்றும் அறைக்கு வந்தார்.

"தொகோரோ அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு தியாகத்துக்கு அணிக்கு 0.18 ஓட்டம் நஷ்டம்."

"நான் பதினாலு வருஷமா அதைத்தானே தம்பி செய்யறேன்?"

"அதான் அண்ணே. இதுவரைக்கும் அம்பத்துநாலு ஓட்டத்தைச் சாப்பிட்டிருக்கீங்க."

தொகோரோ தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். யார் வீட்டுச் சோற்றையோ திருடித் தின்றவர்போல் கூசிப்போனார். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதோடு அவருடைய தியாகம் "மறுபரிசீலனைக்காக நிறுத்திவைக்கப்பட்டது." முப்பத்தாறு வயதில் மறுபடியும் இரண்டாம் அணி. அங்கே பந்தை இருபத்தாறு பாகையில் வானத்துக்கு ஏற்றும் பயிற்சி. பந்து ஏறவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது.

"வீடு பூரா தைல வாடை. பக்கத்து வீட்டம்மா ஆஸ்பத்திரி வச்சிருக்கீங்களான்னு கேக்கறா," என்றாள் அவர் மனைவி கயோகோ. "விட்டுட்டு வாங்களேன்."

"விட்டுட்டு? எனக்கு அவுட் ஆகறதைத் தவிர என்ன தெரியும்?"

தொகோரோ இல்லாமல் நாரைகள் அறிவியல்பூர்வமாகத் தோற்றன. ஆகஸ்ட் முடிவதற்குள் கடைசி இடம். அரங்கில் ஆளைவிடப் புறா அதிகம். அப்போதுதான் விற்பனைப் பிரிவில் யாரோ அந்த 299ஐக் கவனித்தார். அணியை நடத்தும் கழகத்தின் தலைவர் ஒகிமூரா, தலைமை அலுவலகத்தின் மூன்றாம் தளத்தில் அவசரக் கூட்டம் கூட்டினார். "தியாகமே நம் வேர்" என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. உஷிகோமே அதே வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்து ஆமோதித்தார். "நன்றி, 300" என்று பொறித்த துண்டுகள் பன்னிரண்டாயிரம் நெய்ய ஆணை போயிற்று.

ஒகிமூரா தொகோரோவின் தோளில் கை வைத்தார். "முந்நூறு மட்டும் ஆகட்டும். அடுத்த வருஷம் நீங்க இரண்டாம் அணிக்குப் பயிற்சியாளர். இது என் வாக்கு."

தொகோரோ அன்றிரவு தூங்கவில்லை. பையன்களுக்கு முதல் பாடமாக எதைச் சொல்லித் தருவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

பருவத்தின் கடைசி ஆட்டம், சொந்த அரங்கு. எட்டாவது சுற்று வரை இரண்டு பக்கமும் சமம். நாரைகள் இரண்டு பேர் முதல் தளத்திலும் இரண்டாம் தளத்திலும் நின்றார்கள். தொகோரோவைக் களத்துக்கு அனுப்பினார்கள். முன்கூட்டியே வாங்கியவர்களின் துண்டுகள் உயர்ந்தன. அவர் மட்டையைக் குறுக்கே பிடித்தார்.

அது அவர் வாழ்நாளிலேயே சிறந்த அடி. தப்பு அங்கேதான் நடந்தது. பந்து எல்லைக்கோட்டை ஒட்டி உருண்டது. கோட்டைத் தாண்டினால் அந்த அடி செல்லாது. மூன்றாம் தளத்துக்காரர் அது தானாகக் கோட்டைத் தாண்டட்டும் என்று குனிந்து காத்திருந்தார். பந்து தாண்டவில்லை. சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே வந்து, யோசித்து, நின்றுவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தபோது தொகோரோ முதல் தளத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

அரங்கம் முழுவதும் ஒரு பெருமூச்சு. துண்டுகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. மேல் வரிசையில் ஒரே ஒரு பெண் எழுந்து நின்று கைதட்டினாள். கயோகோ.

ஒகிமூராவின் அறையிலிருந்து ஆட்டப் பதிவாளருக்குத் தொலைபேசி அழைப்பு பறந்தது.

"ஐயா, அதைக் கொஞ்சம் தியாகம்னு எழுதிக்கக் கூடாதா?"

"தியாகம்னா ஆள் சாகணுங்க. இவர் உயிரோட நிக்கறாரே."

"எங்க சூழ்நிலையைப் பாருங்க. துண்டெல்லாம் வந்துடுச்சு."

"நான் தளத்தைத்தான் பாக்க முடியும். துண்டைப் பாக்க முடியாது."

தியாகம் அல்ல, அடித்தவரே பத்திரமாகத் தளம் சேர்ந்த நேர் அடி என்று பதிவாயிற்று. மேலாளர் இவாதாதே ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, முதல் தளம் வரை நடந்து வந்து வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினார்.

"தளத்தை விட்டு நாலு அடி தள்ளி நில்லுடா. அவனுங்க தொட்டுடட்டும். இப்பவாவது அவுட் ஆகு."

"இனிமே ஆனாலும் கணக்குல சேராதுங்க ஐயா. அது வெறும் அவுட்டு."

அடுத்த அடியில் இரண்டு ஓட்டங்கள் வந்தன. பதினோரு தோல்விக்குப் பிறகு நாரைகள் வென்றன. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

"ஏங்க, எல்லாரும் எழவு வீட்டுல நிக்கற மாதிரி நிக்கறாங்க? நல்லாத்தானே அடிச்சீங்க?" என்றாள் கயோகோ.

"அதான் தப்பாப் போச்சு."

மறுநாள் காலை தலைமை அலுவலகத்தின் மூன்றாம் தளத்தில் விசாரணை. அதற்குக் "கருத்துப் பரிமாற்றம்" என்று பெயர்.

"ஏன் ஓடினீங்க?" என்றார் ஒகிமூரா.

"எப்பவும் ஓடறதுதாங்க."

"இருநூத்தித் தொண்ணூத்தொம்பது தடவையும் இதே வேகமா?"

"ஆமாங்க. முன்னாடியெல்லாம் அவங்க அவுட் ஆக்கினாங்க. நேத்து ஆக்கலை."

"இதனால உங்க சராசரி வேற ஏறிடுச்சு," என்றார் உஷிகோமே, வருத்தத்தோடு.

ஒகிமூரா ஓர் உறையை மேசை மேல் நகர்த்தினார். அடுத்த ஆண்டுக்கான அணியின் பலத்தில் தொகோரோ அடங்கவில்லை என்று அதில் மிக மரியாதையாக எழுதியிருந்தது.

"பயிற்சியாளர் வேலைன்னு சொன்னீங்களேங்க."

"முந்நூறு ஆனா தரேன்னு சொன்னேன்." ஒகிமூராவின் குரல் கனிந்தது. "ஆனா நாங்க நன்றி மறக்கறவங்க இல்லை. நீங்க அணியை விட்டுப் போறதையே உங்க முந்நூறாவது தியாகம்னு அறிவிக்கப்போறோம். மீதித் துண்டும் வீணாகாது."

தொகோரோ உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் அவர் மேலிடத்தில் கேட்ட முதல் கேள்வியை அப்போதுதான் கேட்டார்.

"ஐயா, விதிப்படி நான் அவுட் ஆனா மட்டும் அது தியாகம் ஆகாதுங்க. என்னால யாராவது ஒருத்தர் அடுத்த தளத்துக்குப் போகணும். போனது யாருங்க?"

ஒகிமூரா கடிகாரத்தைப் பார்த்து, கருத்துப் பரிமாற்றம் முடிந்தது என்றார்.

மீதித் துண்டுகள் நான்கே நாளில் விற்றுத் தீர்ந்தன. ஐந்தாம் நாள், இந்த அரிய விற்பனைச் சாதனையைப் பாராட்டித் தாய் நிறுவனம் ஒகிமூராவை இயக்குநர் ஆக்கியது. அவருடைய நாற்காலியை மூன்றாம் தளத்திலிருந்து நான்காம் தளத்துக்கு ஏற்றினார்கள். தியாகம் விதிப்படி செல்லும்.