கால்வெஸ்டன் லிஃப்டில் முறிந்த சம்பந்தம்

லப்பக்கில் இருக்கும் அன்புத் தங்கை வில்மாவுக்கு, அண்ணன் எமில் கோவாரிக் எழுதுவது. இங்கு நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருக்கக் கடவுள் அருள்வாராக. என் மகள் மார்லீன் கல்யாணத்துக்கு நீ வாங்கிய புது உடையை யாருக்காவது கொடுத்துவிடு. கல்யாணம் நின்றுபோயிற்று.

மார்லீனைக் கட்டிக்கொள்ள இருந்த வெஸ்லியின் அப்பா ஆம்ப்ரோஸ் லாண்ட்ரி தம் ஊரைச் சுற்றிக் காட்டக் கூப்பிட்டார் என்றுதான் நானும் மார்லீனும் கால்வெஸ்டன் போனோம். பொய் சொல்லக் கூடாது, அந்தப் பழைய கடைவீதி அழகுதான். செங்கல் சுவர், வார்ப்பிரும்புத் தூண், ஜன்னல் வளைவுக்கு மேலே கல்லில் செதுக்கிய முகங்கள். வாயைப் பிளந்து பார்த்தேன். வாயை மூடியிருந்தால் தப்பித்திருப்பேன். “எங்க ஊர் லா கிரேஞ்ச் கோர்ட்டுக் கட்டடமும் இதே மாதிரிதான் இருக்கும், என்ன, கொஞ்சம் சுத்தமா இருக்கும்” என்று சொல்லிவிட்டேன். மனுஷனுக்கு முகம் சிவந்தது. கல்யாண விருந்துக்கு அவர் பார்த்து வைத்திருந்த மாடி மண்டபத்தைக் காட்ட, பழைய பருத்தி வியாபாரிகள் கட்டடத்துக்கு விறுவிறுவென்று நடந்தார். மார்லீனும் வெஸ்லியும் படியில் ஏறினார்கள். நாங்கள் இருவரும் கம்பிக் கதவு போட்ட லிஃப்டில் ஏறினோம். பாதி வழியில் ஒரு குலுக்கு, நின்றுவிட்டது. தலைக்கு மேலே ஏதோ கிறீச்சென்றது.

“ஆடாதீங்க!” என்றார்.

“நான் எங்க ஆடறேன்? உங்க கட்டடம்தான் ஆடுது.”

“பெரிய புயலே அசைக்காத கட்டடம் இது!”

“புயல் லிஃப்ட்ல ஏறலியே!”

வெஸ்லி மேலிருந்து, “தீயணைப்புக்காரங்களுக்குச் சொல்லியாச்சு, வர நேரமாகும், பொறுமையா இருங்க” என்று கத்தினான். எங்கே பொறுமை? எனக்குச் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது, அந்த நிலையிலும் அவர், “உங்க ஊர் மாட்டுக் கொட்டகையில என் பையன் கல்யாணம் நடக்காது” என்கிறார். அவர் கொட்டகை என்றது, கல்யாணத்துக்கு நான் பேசி வைத்திருந்த நம் ஊர் நடன மண்டபத்தை, வில்மா! நம் அப்பா அம்மா ஆடிய இடம்! “அப்போ கல்யாணமே வேணாம்யா” என்றேன். “ரொம்ப சந்தோஷம்” என்றார். அந்த நேரம் பார்த்து லிஃப்ட் சடாரென்று ஒரு அடி இறங்கியது. கட்டிப்பிடித்துக்கொண்டோம். அவர் நெஞ்சு அடிப்பது என் நெஞ்சில் கேட்டது. உன் முகம்கூட ஒரு கணம் கண்ணில் வந்து போயிற்று. கதவை நெம்பித் திறந்த தீயணைப்புப் பெண், “ஐயா, அவரை விட்டாத்தான் உங்களைத் தூக்க முடியும்” என்று மூன்று தடவை சொன்ன பிறகே விட்டேன். வெளியே வந்ததும் அவர் கிழக்கே போனார், நான் மேற்கே போனேன். அவ்வளவுதான், உறவு முறிந்தது.

உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல். நீ நீண்ட ஆயுளோடு, படிக்கட்டு உள்ள வீடுகளில் வாழ என் ஆசிகள்.

அன்புள்ள அண்ணன்,
எமில்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மார்லீன் வந்து நின்றாள். நாங்கள் உள்ளே தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில் இவளும் வெஸ்லியும் பக்கத்துக் கோர்ட்டுக்குப் போய், நீதிபதி முன்னால் கல்யாணம் செய்துகொண்டார்களாம். கல்யாண உரிமம் போன வாரமே கையில் இருந்ததாம். “ரெண்டு அப்பாக்களும் ஒரே இடத்துல மாட்டறது இனி எப்பப்பா வாய்க்கும்?” என்கிறாள். உடையைக் கொடுத்துவிடாதே, உடனே கிளம்பி வா. வருமுன் ஆம்ப்ரோஸுக்குப் போன் போட்டு விஷயத்தை நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. எனக்கும் சம்பந்திக்கும் பேச்சு இல்லை.