லிட்டருக்கு இருபத்தைந்து

மனுஷனாகப் பிறந்தவன் சொந்த வீட்டில் ஒரு விஷயத்திலாவது ஜெயிக்க வேண்டும். நான் மைலேஜைத் தேர்ந்தெடுத்தேன். என் கெட்ட நேரம், வேறென்ன சொல்ல?

நாங்கள் வாங்கியது ஹைபிரிட் கார். அதில் ஒரு பெட்ரோல் எஞ்சின், ஒரு பேட்டரி மோட்டார். எஞ்சின் சத்தம் போடும். மோட்டார் சத்தமே போடாமல் காரியத்தை முடிக்கும். எங்கள் வீட்டிலும் இதே ஏற்பாடுதான். சத்தம் போடுவது நான்.

என் உத்தியோகம் பார்சல் கம்பெனியில். வருகிற மூட்டையையெல்லாம் எடை போட்டுச் சீட்டு ஒட்டும் பிரிவுக்கு மேலாளர். என் மனைவி வீட்டிலேயே ஜன்னல் திரையும் சோபா உறையும் தைத்துக் கொடுக்கிறாள். அவளிடம் இருப்பது நோஞ்சான் மிஷின். தடித்த துணியைக் கொடுத்தால் ஊசி ஒடியும். நாளெல்லாம் ஊசி மாற்றியே அவளுக்குக் கண் பூத்துப்போயிற்று. பக்கத்து நகரத்தில் தையல் கூடம் வைத்திருக்கும் அவள் அண்ணன், "என்கிட்ட பெரிய மிஷின் ஒண்ணு சும்மா கிடக்கு, வந்து எடுத்துட்டுப் போம்மா" என்று போன் செய்தார். வந்தது வினை.

"ஏங்க, இந்த ஞாயித்துக்கிழமை போய் எடுத்துட்டு வந்துடலாமா?"

"எதுல?"

"நம்ம கார்லதான். பின்ன தலையிலயா?"

"அது இரும்பு! மோட்டாரோட சேர்த்து ஐம்பது கிலோவுக்கு மேல போகும். அதை ஏத்தினா மைலேஜ் படுத்துடும்."

"இப்ப மட்டும் என்ன, நின்னுக்கிட்டா இருக்கு? ஹைவேல போனா குறையுதுன்னு நீங்கதானே புலம்பினீங்க?"

உண்மைதான். ஊருக்குள் பிரேக் போடப் போடப் பேட்டரி ஏறும், வண்டி சிக்கனமாக ஓடும். நெடுஞ்சாலையில் பிரேக்குக்கு வேலையே இல்லை. எஞ்சின்தான் தனியாக முக்க வேண்டும். ஆனால் உண்மையை ஒப்புக்கொள்ளவா கல்யாணம் செய்துகொண்டேன்?

"நான் ஓட்டினா ஹைவேலயும் லிட்டருக்கு இருபத்தஞ்சு வரும்" என்றேன்.

"வரலைன்னா?"

"சாவியை உன் கையில கொடுத்துடறேன். இனிமே நீயே ஓட்டு, எதை வேணா ஏத்திக்கோ. வந்துட்டா சாவி ஆயுசுக்கும் என்கிட்டதான். மைலேஜ் குறைக்கிற எந்தப் பொருளும் வண்டியில ஏறாது."

"அண்ணன் வீட்டுக்குப் போக வர ரெண்டுக்கும் சேர்த்துத்தானே கணக்கு?"

"ரெண்டுக்கும் சேர்த்துத்தான்!"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். விதி யாரை விட்டது?

ஆபீஸிலிருந்து தொங்கு தராசு ஒன்றைக் கொண்டுவந்தேன். வண்டியில் ஏறுகிற ஒவ்வொன்றையும் கொக்கியில் மாட்டி எடை பார்த்தேன். அவள் பெட்டியிலிருந்து பாதித் துணி வெளியே போனது. ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைத்தேன். குடையைக்கூட எடுத்துவிட்டேன்.

"அந்தத் தண்ணி பாட்டில்?" என்றாள்.

"குடிச்சுட்டு ஏறு."

"குடிச்சா மட்டும் எடை எங்கே போகும்?"

பதில் சொல்ல நேரமில்லை என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

அந்தப் பயணத்தை நினைத்தால் இப்போதும் அழுகை வருகிறது. ஏசி போட்டால் பெட்ரோல் குடிக்கும் என்று ஜன்னலைத் திறந்துவிட்டேன். காற்று உள்ளே புகுந்து என் மனைவியின் தலைமுடியைத் தென்னந்துடைப்பமாக்கியது. திறந்த ஜன்னல் காற்றைப் பிடித்து வண்டியையே பின்னால் இழுக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? என் கண் ரோட்டில் இல்லை, ஸ்டியரிங்குக்குப் பின்னால் மைலேஜ் காட்டும் திரையில் இருந்தது. எண் கொஞ்சம் இறங்கினால் பதறிப்போய்க் காலை எடுப்பேன். பின்னால் வந்த லாரிக்காரர் என் வம்சத்தையே விசாரிப்பார். பயந்துபோய் மறுபடி மிதிப்பேன். எண் இன்னும் இறங்கும்.

"ஏங்க, ஒரே சீரா ஓட்டக் கூடாதா? வயித்தைக் கலக்குது."

"இதெல்லாம் ஒரு டெக்னிக். உனக்குப் புரியாது."

"அந்த சைக்கிள்காரருக்கும் புரியலை போல. நம்மளைத் தாண்டிப் போறாரு."

கடைசியில் பேட்டரியிலேயே ஓட்டிவிடலாம் என்று மாட்டுவண்டி வேகத்தில் உருட்டினேன். பேட்டரி காலியாகிவிட்டது. அதை நிரப்புவதற்கும் சேர்த்து எஞ்சின் பெட்ரோல் குடிக்க ஆரம்பித்தது. மச்சான் வீட்டு வாசலில் நிறுத்தியபோது திரையில் இருபத்திரண்டு. என் முகத்தில் ஈ ஆடவில்லை.

மச்சான் குனிந்து திரையைப் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, வண்டியை வழியெல்லாம் தள்ளிக்கிட்டே வந்தீங்களா?"

சாப்பாடு இறங்கவில்லை. திரும்பும்போது இருபத்தொன்பது வந்தால்தான் மொத்தச் சராசரி இருபத்தைந்தைத் தொடும். அது என்னால் ஆகாது என்று என் மனசாட்சிக்குத் தெரியும். சாவி போய்விடும். அதற்கப்புறம் அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள என் செருப்பைத் தவிர எதுவும் இருக்காது.

என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலில் தேன் வழிந்தது.

"ஏங்க, உங்க முகம் வாடினா எனக்குத் தாங்கலை. பந்தயத்துல நீங்க ஜெயிக்கணும். திரும்பறப்ப நான் ஓட்டட்டுமா? நான் ஓட்டக் கூடாதுன்னு பந்தயத்துல இல்லையே?"

இல்லைதான். முங்குகிறவனுக்குத் துரும்பும் துணை. "நான் சொல்ற சட்டப்படி ஓட்டுவியா?"

"உங்க சட்டம்தான். முதல் சட்டம் என்ன?"

"எடை. எடைதான் மைலேஜுக்கு எமன்."

"அப்ப எடை பார்த்துடலாம், வாங்க."

மச்சானின் தையல் கூடத்தில் துணிக்கட்டு நிறுக்கும் பெரிய மேடைத் தராசு இருந்தது. தராசைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது, கால் அதைவிட மோசம். முள் சரியாக நிற்கிறதா பார்ப்போம் என்று நானே ஏறி நின்றேன். யாரும் என்னை ஏறச் சொல்லவில்லை. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

"தொண்ணூத்தொண்ணு" என்று மச்சான் உரக்கப் படித்தார்.

"பெட்டி எவ்வளவு அண்ணா?"

"ஆறு."

"ஏங்க, நீங்களே சொல்லுங்க. மைலேஜுக்காக இறக்கணும்னா எதை இறக்கணும்?"

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் கூரையைப் பார்த்தார்.

"பஸ் ஸ்டாண்டு பக்கம்தான் மாப்பிள்ளை" என்றார். "நானே கொண்டுபோய் விடறேன்."

ஜெயிப்பதற்காகத் தியாகம் செய்கிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். எனக்குக் கிடைத்தது கடைசி சீட். ஒவ்வொரு பள்ளத்திலும் என் தொண்ணூற்றொன்றும் ஆகாயத்துக்குப் போய்விட்டுத் திரும்பியது. பாதி வழியில் எங்கள் கார் பஸ்ஸைக் கடந்து போனது. ஜன்னல்கள் மூடியிருந்தன. ஏசி! வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, தண்டவாளத்தில் போகிற மாதிரி போனது. அவள் பக்கத்தில் நான் உட்கார வேண்டிய சீட்டில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் கார் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தபோது வண்டி வாசலில் நின்றது. முன் சீட்டில், பெல்ட் போட்டுக்கொண்டு, அந்தத் தையல் மிஷின் உட்கார்ந்திருந்தது.

"இது எப்படி வந்துச்சு?"

"ஏன் கத்தறீங்க? அது ஐம்பத்தஞ்சு கிலோதான். உங்களைவிட முப்பத்தாறு கம்மி. உங்க சட்டப்படிதானே ஏத்தினேன்?"

"மைலேஜ்?"

திரையின் மேல் அவளுடைய கைக்குட்டை கிடந்தது. "அதையே பார்த்துக்கிட்டிருந்தா ரோட்டை யாரு பாக்கறது? ஒரே வேகத்தை செட் பண்ணினேன், முன்னால போற வண்டிக்கு இடைவெளி விட்டேன், பாட்டுக் கேட்டுக்கிட்டே வந்துட்டேன்" என்று அதை எடுத்தாள். முப்பது.

நான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"வாழ்த்துக்கள்!" என்று சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "மொத்தத்துல இருபத்தஞ்சைத் தாண்டிடுச்சு. பந்தயத்துல ஜெயிச்சது நீங்கதான். சாவி ஆயுசுக்கும் உங்களுதுதான்."

கண் கலங்கிவிட்டது. எத்தனை வருஷம் கழித்து ஒரு வெற்றி! "நாளைக்கு ஆபீஸுக்கு வண்டியிலயே போறேன்" என்றேன்.

"அது எப்படி முடியும்? மைலேஜ் குறைக்கிற எந்தப் பொருளும் வண்டியில ஏறாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நீங்க இருந்தப்ப இருபத்திரண்டு. இல்லாதப்ப முப்பது. கணக்கு உங்களுக்குத் தெரியாதா?"

"சாவி என்கிட்ட இருக்கே!"

"இருக்கட்டுமே. கார் வாங்கினப்ப ரெண்டு சாவி கொடுத்தாங்க."

இன்று காலை சிக்னலில் என் பஸ் நின்றது. பக்கத்தில் என் கார் வந்து நின்றது. தைத்து முடித்த திரைச்சீலை மூட்டை ஒன்று பெல்ட் போட்டுக்கொண்டு, வண்டி ஓட்டும் என் மனைவிக்குப் பக்கத்தில், என் சீட்டில் சொகுசாகச் சாய்ந்திருந்தது. நான் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் பையிலிருந்த சாவியையும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.