தட்டைப் படமும் என் தொப்பையும்

என்ன ஆனாலும் விமானத்தில் ஏறுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

நான் தையல்காரன். மேல் தட்டிலிருந்து துணி எடுக்க ஸ்டூலில் ஏறினாலே எனக்குக் கால் கிடுகிடுக்கும். மூட்டு வலி என்று சொல்லி, கல்யாணமான நாளிலிருந்து அந்த வேலையை மனைவி தலையில் கட்டி வருகிறேன். இப்போது உலகத்தின் மறுகோடியில் இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். "ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாத்தான் ஆச்சு" என்கிறாள்.

பயம் என்று சொன்னால் மானம் போகும். பழியைத் தூரத்தின் மேல் போட வேண்டியதுதான்!

கடைச் சுவரில் ஓர் உலகப் படத்தை ஒட்டினேன். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை நம் ஊருக்கும் மகள் ஊருக்கும் நடுவே இழுத்துப் பிடித்தேன்.

"பாரு, எவ்வளவு தூரம்! ஒரே மூச்சுல போக முடியாது. ரெண்டு இடத்துல இறங்கி மாறணும். ஒண்ணரை நாள் ஆகும். உன் இடுப்பு தாங்குமா?"

"அய்யய்யோ, ஒண்ணரை நாளா!" பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி ஊசியைக் கீழே போட்டுவிட்டாள்.

அன்று டீ தனி ருசியாக இருந்தது. அந்த ருசி மறுநாள் மாலை வரைதான்.

"என்னங்க, கொஞ்சம் எழுந்து நில்லுங்க."

நின்றேன். என் டேப் என் மேலேயே பாய்ந்தது!

"இந்த விலாவுலேர்ந்து அந்த விலாவுக்கு, தொப்பையைச் சுத்தி எவ்வளவு?"

"இருபத்து நாலு அங்குலம். எதுக்கு?"

அவள் முனைகளை நகர்த்தவில்லை. நடுவை மட்டும் நெஞ்சுக்குழிப் பக்கம் மேலே தள்ளினாள். டேப் தொளதொளவென்று தொங்கியது.

"பார்த்தீங்களா, மிச்சம்! பூமியும் உங்க தொப்பை மாதிரி உருண்டைதானே? விமானம் நடுவுல சுத்தாது, வட துருவப் பக்கமா மேலால வளைஞ்சு போகுமாம். மக சொன்னா. பதினாறு மணி நேரம்தான், எங்கேயும் மாற வேண்டாம். உருண்டைக்குத் தட்டையா அளவெடுத்த முதல் தையல்காரர் நீங்கதான்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் விடவில்லை. ஒன்றரை நாள் அவளால் உட்கார முடியாது அல்லவா?

"அவ்வளவு நேரம் இறங்காமலா பறப்பாங்க? நடுநடுவுல தரையைத் தொட்டாத்தான் பத்திரம். நான் சொன்ன வழின்னா வர்றேன். இல்லைன்னா வரலை!"

"அந்த வழின்னா நிச்சயமா வருவீங்களா?"

"தாராளமா! இது சத்தியம்!"

"நல்லதாப் போச்சு. நான் நேர் விமானத்துல போறேன். உங்களுக்கு உங்க வழியிலேயே டிக்கெட் போடச் சொல்லிடறேன்."

"தனியாவா?"

"ஆமா. மூணு விமானம். மூணு தடவை மேல ஏறணும், மூணு தடவை கீழ இறங்கணும். ஸ்டூல் பயமும் தெளிஞ்சிடும்."

ஸ்டூல் பயமா? இத்தனை வருஷமாக இவளுக்குத் தெரியுமா!

"வேண்டாம்மா! உன்கூடவே நேர் விமானத்துல வந்துடறேன். உன் கையைப் பிடிச்சுக்கிட்டே வர்றேன்!"

"இதையே முதல்ல சொல்லியிருக்கலாமே?"

போனை எடுத்து நீட்டினாள். நேர் விமானம். இரண்டு டிக்கெட். போன வாரமே எடுத்தது.

"உங்களுக்கு ஜன்னலோர சீட்டுங்க."