கால் காய்த்த புளியமரம்

காவலூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகிற வழியில் ஒரு புளியமரம். எண்பத்திரண்டாம் வருஷம் அதில் புளி காய்த்ததோ இல்லையோ, கால் காய்த்தது. கையும் காய்த்தது. முழங்கால் வரைக்கும், தொடை வரைக்கும், முழங்கை வரைக்கும் என்று வகைவகையாக மாவுக்கட்டுகள் கிளைக்குக் கிளை கயிற்றில் தொங்கின. காற்றடித்தால் ஒன்றோடொன்று மோதி லொட்டு லொட்டென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கும் கன்னத்தில் போட்டுக்கொள்ள அங்கே ஆள் இருந்தது.

மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் கட்டவிழ்த்த சாமி. எலும்பு ஒடிந்து கட்டோடு வருகிறவர்களின் காலை மடியில் எடுத்து வைத்துப் புரட்டிப் பார்ப்பார். பிறகு கண்ணை மூடுவார். மூடிய கண்ணுக்கு மாவைத் தாண்டி, தோலைத் தாண்டி, எலும்பு தெரியுமாம். "இன்னும் ஒட்டல. ஆடி நாலாந்தேதி வா" என்பார். அந்தத் தேதியில் போனால் தீர்த்தத்தை ஊற்றிக் கட்டை ஊறவைத்து, கத்தியால் கிழித்தெடுத்து, "நட" என்பார். நடப்பார்கள். ஜனங்கள் 'சாமீ' என்று அலறுவார்கள். கட்டு மரத்தில் ஏறும்.

நேற்று விழுந்து இன்று வலியில் துடிக்கிறவனைச் சாமி தொடமாட்டார். "மொதல்ல கீழ ஆஸ்பத்திரிக்குப் போய் கட்டு போட்டுக்கினு வா. ஆஸ்பத்திரிக்காரன் கட்டத்தான் கத்துக்கினான். அவுக்கறது ஆண்டவன் வேலை" என்பார். இதையும் ஜனங்கள் பெருந்தன்மை என்று மெச்சிக்கொண்டார்கள். டாக்டர்களின் பிழைப்பில் மண்ணைப் போடாத சாமியாம்!

ரங்கன் என்கிற குடியானவனுக்கு மட்டும், கட்டைப் பிரித்த மூன்றாம் நாளே கால் வளைந்துவிட்டது. "போன ஜென்மத்துல ஆட்டுக்காலை ஒடிச்சவன்" என்றார் சாமி. ரங்கனும் ஒப்புக்கொண்டான். போன ஜென்மத்தில் என்ன செய்தோம் என்று அவன் எந்த ஆபீசில் போய் விசாரிப்பான்?

இந்தக் கூட்டத்துக்குள்தான் ராஜாக்கண்ணு வந்து சேர்ந்தார். சாதாரண ஆள் இல்லை. காவலூர் நட்சத்திர ஆபீசில் வேலை. ராத்திரி கூரையைத் திறப்பதும், விஞ்ஞானி சொல்கிற எண்களை நோட்டில் எழுதுவதும் அவர் உத்தியோகம். ஒருநாள் ஒரு விஞ்ஞானி இரக்கப்பட்டுத் தொலைநோக்கியில் சனிக்கிரகத்தைக் காட்டிவிட்டார். அன்றிலிருந்து ஊரில் யாரும் சனிப்பெயர்ச்சி என்று வாயைத் திறக்க முடியவில்லை. "சனியை நேர்ல பாத்தவன்யா நானு! அது பாட்டுக்கு வளையத்தை மாட்டிக்கினு சும்மா கீது. உன் ராசிக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்?" என்று டீக்கடையில் முழங்குவார். பகுத்தறிவு தனக்கு மட்டும் குத்தகைக்கு விடப்பட்டிருப்பதாக அவருக்கு நினைப்பு.

பங்குனி மாதம் ஒரு காலை, சைக்கிளில் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தார். ஒரு பூனை குறுக்கே வந்தது. முன்னால் போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ராஜாக்கண்ணு நிற்பாரா? மூடநம்பிக்கைக்குச் சரியான பாடம் புகட்ட எண்ணி, ஓங்கி மிதித்தார். பூனைக்கு அவர் கொள்கை தெரியாது. பாதி வழியில் மனம் மாறித் திரும்பி ஓடி வந்தது. ராஜாக்கண்ணு பிரேக்கைப் பிடித்தார். தேய்ந்த ரப்பர் பிடிக்கவில்லை. அவர் பள்ளத்தில் கிடந்தபோது, முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகியிருந்தது. பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"நாங்க நின்னோம், நல்லாக் கீறோம்" என்று அந்த இரண்டு பேரும் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்கள்.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில், கட்டுப் போடுகிற ஊழியரான வாணியம்பாடிக்காரர் இக்பால் தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு போட்டார். கட்டின்மேல் முட்டிக்குப் பக்கத்தில் ஊதாப் பென்சிலால் என்னவோ எழுதினார். மூன்று மாதம் கழித்து வரவேண்டும், நடுவில் ஒருதடவை வந்து எக்ஸ்ரே படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள்.

மூன்று மாதம்! ராஜாக்கண்ணுவின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனி பிறந்ததும் திரும்பாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கூரையைத் திறக்க ஏணி ஏற வேண்டும். நொண்டிக்கு அங்கே என்ன வேலை? கட்டுக்குள் அரிப்பு வேறு. ஒடிந்த சைக்கிளிலிருந்து ஒரு போக்ஸ் கம்பியைக் கழற்றி உள்ளே விட்டுச் சொறிந்துகொண்டே அழுதார். உண்மையாகவே அழுதார். பயம் வந்தால் சனியை நேரில் பார்த்தவனும் மனிதன்தான்.

ஐந்தாவது வாரம், கக்கத்தில் கட்டையை வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் புளியமரத்தடிக்குப் போய்விட்டார். கூடவே மனைவி நீலாவதி, ஒரு கையில் தேன் குப்பி, மறுகையில் சாமை மூட்டை.

சாமி காலைப் புரட்டினார். கண்ணை மூடினார். "ரெண்டு துண்டா கீது குழந்தே. ஆனி ரெண்டாந்தேதி வா."

அவ்வளவுதான். கூட்டத்துக்குக் கொண்டாட்டம். "சனியையே நேர்ல பாத்தவரு, சாமி கால்ல வுழுந்துட்டாரு!" என்று பேச்சு மலை முழுக்கப் பரவியது. அடுத்த வாரம் இரண்டு மடங்கு கூட்டம். சாமி ராஜாக்கண்ணுவைப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். ராஜாக்கண்ணுவும் வாரம் தவறாமல் போய், விஞ்ஞானத்துக்கும் எட்டாத விஷயம் உண்டு என்று சாட்சி சொன்னார். ஊரில் ஒரு மூடனைக் குறைக்க எத்தனை வருஷம் பேசியிருப்பார்! முன்னூறு பேரைச் சேர்க்க அவருக்கு ஐந்து வாரம் போதுமானதாக இருந்தது. நடுவில் படம் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஞானக்கண் இருக்கும்போது எக்ஸ்ரே எதற்கு?

நீலாவதி நாலாவதுவரை படித்தவள். பேசுவது குறைவு, பார்ப்பது அதிகம்.

"ஏங்க, சாமி கண்ண மூடறதுக்கு முன்னாடி உங்க முட்டியவே உத்து உத்துப் பாக்குறாரு, கவனிச்சீங்களா?"

"அருள் பாய்ச்சுறாருமே. உனக்கு இன்னா தெரியும்?"

"முட்டியாண்ட ரெண்டு நெம்பரு எழுதிக் கீதுங்க. கீழ கீறது பதினாறு, ஆறு."

"ஆஸ்பத்திரி நெம்பரு. ஃபைல் நெம்பரு மாதிரி. ஆபீஸ்ல வேலை செய்யறவனுக்குத் தெரியாதா?"

அவள் எழுந்துபோய் சுவரில் மாட்டியிருந்த தினக் காலண்டரைப் புரட்டினாள். ஆறாம் மாதம் பதினாறாம் தேதித் தாளில், கீழே சின்ன எழுத்தில், ஆனி 2 என்று போட்டிருந்தது. கொண்டுவந்து காட்டினாள். ராஜாக்கண்ணு அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "பாத்தியா, ஆஸ்பத்திரிக்காரனுக்கே தேதியை மனசுல தோண வெச்சது சாமிதான்!" என்றார்.

நீலாவதி காலண்டரைத் திரும்ப மாட்டினாள்.

ஆனி முதல் தேதி அவள் தங்கச்சி வீட்டுக்கென்று சொல்லிக் காலைப் பஸ்ஸில் கீழே போனாள். சாயங்காலம் திரும்பியபோது வலது கையில் விரல் வெளியே தெரிய மாவுக்கட்டு. கையில் வளையல் இல்லை.

"பஸ்லேர்ந்து எறங்கும்போது வுழுந்துட்டேங்க" என்றாள்.

ராஜாக்கண்ணு பதறிப்போனார். மூன்று மாதமாக அவரைத் தூக்கி, துடைத்து, சோறு ஊட்டிய கை அது. "அழுவாத நீலா, நாளைக்குச் சாமி உன்னுதையும் பாப்பாரு" என்று சொல்லி அவரே அழுதார். அவளுக்கு அப்போது மனசு கொஞ்சம் சங்கடப்பட்டது. ஆனாலும் கட்டோடேயே போய்ப் படுத்தாள்.

மறுநாள் மரத்தடியில் நிற்க இடமில்லை. சனியை நேரில் பார்த்தவர் நடக்கப்போகிறார் என்றால் சும்மாவா? தீர்த்தக் குடம் தயார். கத்தி தயார். ராஜாக்கண்ணு காலை நீட்டும்போது கைகூப்பினார். "சாமி, மொதல்ல என் வூட்டுக்காரி கையைப் பாருங்க. எனக்கு மனசு கேக்கல."

சாமி நீலாவதியின் கையை வாங்கிப் புரட்டினார். மணிக்கட்டுப் பக்கம் ஒரு கணம் பார்வை நின்றது. கண்ணை மூடினார்.

"ஐயோ தாயே! மூணு துண்டா நொறுங்கிக் கீது. ஒரு துண்டு சதைக்குள்ள குத்திக்கினு நிக்குது. ஆடி பதினாலு வரைக்கும் இந்தக் கை அசையக்கூடாது. அசஞ்சா ஆபத்து."

கூட்டம் உச்சுக்கொட்டியது. ராஜாக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டார்.

"அசையக்கூடாதுங்களா சாமி?" என்று கேட்டாள் நீலாவதி.

"சுண்டுவிரல்கூட அசையக்கூடாது."

நீலாவதி எழுந்தாள். தளும்பத் தளும்ப நிறைந்திருந்த தீர்த்தக் குடத்தின் கழுத்தை அந்தக் கையாலேயே பிடித்துத் தூக்கினாள். இடுப்புவரை தூக்கி, கூட்டத்துக்கு ஒரு சுற்று காட்டி, இறக்கி வைத்தாள். பிறகு மரத்தடிக்குப் போய் அடிமரத்தில் கட்டை ஓங்கி நாலு போடு போட்டாள். மாவு பிளந்து விழுந்தது. உள்ளே கை கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. ஐந்து விரலையும் சாமியின் முகத்துக்கு நேரே விரித்து மடக்கினாள்.

"ஒடையாத கைங்க இது. எந்த மூணு துண்டைப் பாத்தீங்க?"

மரத்தில் கட்டுகள் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் சுதாரித்துக்கொண்டவர் முன்வரிசைப் பெரியவர் ஒருவர். "ஆத்தா! ஒடஞ்ச கை ஒரு நொடியில ஒட்டிக்கிச்சே! எனக்கும் தோள்பட்டையில..." என்று நீலாவதியின் காலில் விழப்போனார்.

"எழுந்திரு பெரியப்பா, எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்றாள் அவள்.

அப்போதுதான் கூட்டத்தின் பின்னாலிருந்து இக்பால் முன்னே வந்தார். தாடி, தொப்பி, கையில் ரெக்சின் பை. அண்ணாந்து மரத்தைப் பார்த்தபடியே வந்தார்.

"இன்னா பாய், இங்க?" என்றார் ராஜாக்கண்ணு.

"கட்டு தேடிக்கினு வந்தேன்பா. மலையிலேர்ந்து வர்றவனுக்கெல்லாம் கட்டு போடறேன். ஒருத்தனும் பிரிக்கத் திரும்பி வர்ல. ரெண்டு வருஷமா எங்கடா போறானுங்கன்னு எனக்குத் தூக்கமில்ல. நேத்து உன் வூட்டம்மா வந்து சொன்னாங்க. வெறும் கையில மெல்லிசா ஒரு கட்டு போட்டுக் குடுன்னு கேட்டாங்க. போட்டு, தேதியும் எழுதிக் குடுத்தேன்."

அவர் ஒரு கட்டை எட்டி இழுத்தார். "பார், என் கையெழுத்து. மேல போட்ட தேதி, கீழ திரும்பி வர்ற தேதி." இன்னொன்றை இழுத்தார். "இதுலயும் அதே. உங்க சாமிக்கு ஞானக்கண் இல்லப்பா. ரெண்டு நல்ல கண்ணு. படிக்கத் தெரிஞ்ச கண்ணு."

கூட்டத்தில் சலசலப்பு. எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் மரத்தை நோக்கி நகர்ந்தார்கள். சாமி தன் சாமான்களை மூட்டை கட்ட ஆரம்பித்தார். இக்பால் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட! லாரி க்ளீனர் இல்ல நீ? மூணு வருஷம் முன்னாடி கையொடிஞ்சு வந்தியே!" கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இத்தினி வருஷத்துல ஆயிரம் பேருக்குக் கட்டு போட்டிருப்பேன். 'இது இன்னா பாய் நெம்பரு?'ன்னு கேட்டவன் இவன் ஒருத்தன்தான்."

பின்பக்கம் நின்றிருந்த ரங்கன், வளைந்த காலை இழுத்து இழுத்து முன்னால் வந்தான். "அப்ப என் காலு ஏன் பாய் இப்டி ஆச்சு? எனக்கும் தேதி பாத்துத்தானே பிரிச்சாரு?"

இக்பாலின் சிரிப்பு நின்றுபோனது. "தேதி வந்துச்சுன்னா ஒட்டிடுச்சுன்னு அர்த்தமில்லப்பா. அன்னைக்கு வந்து படம் எடுத்துப் பாக்கணும். ஒட்டலன்னா மறுபடி கட்டணும். அதுக்குத்தான் தேதி."

ரங்கன் கீழே கிடந்த கத்தியைப் பார்த்தான், சாமியைப் பார்த்தான். போன ஜென்மத்தில் தான் எந்த ஆட்டுக்காலையும் ஒடிக்கவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. சாமி கத்தியை அங்கேயே விட்டுவிட்டு, வந்து நின்ற போளூர் பஸ்ஸில் தாவி ஏறினார். ஏறிய வேகத்தைப் பார்த்தால் க்ளீனர் வேலையை அவர் மறக்கவில்லை.

ராஜாக்கண்ணுவை இக்பாலும் நீலாவதியும் அன்றைக்கே கீழே கொண்டுபோனார்கள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் டாக்டர். எலும்பு முக்கால்வாசிதான் ஒட்டியிருந்தது. இன்னும் நாலு வாரம் கட்டு வேண்டும். காலையில் மரத்தடியில் அதைக் கிழித்து "நட" என்றிருந்தால், நாலு எட்டில் மறுபடி ஒடிந்திருக்கும். கைதட்டலுக்கு நடுவே ஒடிந்திருக்கும் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

ராஜாக்கண்ணுவுக்கு வியர்த்துவிட்டது. மூன்று மாதமாக அந்த எண்ணுக்குப் பக்கத்திலேதான் கம்பியை விட்டுச் சொறிந்திருக்கிறார். ராத்திரி பூராவும் எண் எழுதிச் சம்பளம் வாங்குகிறவர், தன் முட்டியிலிருந்த எண்ணைப் படிக்கவில்லை. கோடிக்கணக்கான மைல் தள்ளியிருந்த சனி தெரிந்தது. முழங்கால் தெரியவில்லை.

"என்னைத் திட்டேன் நீலா" என்றார்.

"திட்றதுக்கு நாலு வாரம் கீதுங்க. அவசரம் இல்ல" என்றாள் நீலாவதி. டாக்டர் கொடுத்த சீட்டை அவளே நட்சத்திர ஆபீசுக்குக் கொண்டுபோனாள். அவர்களும் நாலு வாரம் பொறுப்பதாகச் சொன்னார்கள். உத்தியோகம் தப்பியது.

அன்று ஆஸ்பத்திரியில் இக்பால் புதுக் கட்டு போட்டு முடித்து, ஊதாப் பென்சிலை நாக்கில் தொட்டு எழுத ஆரம்பித்தார். ராஜாக்கண்ணு எட்டிப் பார்த்து, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்: "இது இன்னா பாய் நெம்பரு?"

"கேட்டுட்டியா? போச்சு. நீயும் சாமியாராய்டப் போற!"

"அதுக்குத்தான் பாய் சத்தமாக் கேட்டேன்" என்றார் ராஜாக்கண்ணு.

பக்கத்துக் கட்டிலில் தலையைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தவன் எழுந்து தன் கட்டைப் பார்த்தான். அதற்கடுத்த கட்டில்காரனும் பார்த்தான். ஊரில் ஒருத்தன் மட்டும் கேள்வி கேட்டால் அவன் சாமியார் ஆகிவிடுகிறான். நீங்களும் சேர்ந்து கேட்டுவிடுங்களேன், அவன் லாரிக்கே போய்ச் சேரட்டும்.